மடித்த தாளில் இரண்டு கையெழுத்து

கடைசியாக அவர்கள் இருவரும் சேர்ந்து மடித்தது ஓர் இரட்டைக் கட்டில் விரிப்பு. ஓரத்தில் நீல நூல் ஓடியது. முதியோர் இல்லத்துச் சரக்கு. அவர் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு சலவை மிஷின் பக்கம் நின்றார். மற்ற இரண்டு முனைகளோடு அவள் வாசல் பக்கம். ஓர் உதறல், ஓர் இழுப்பு. பிறகு இருவரும் எதிரெதிரே நடந்து வந்து, அவர் தன் முனைகளை அவள் விரல்களில் சேர்ப்பார். குனிந்து, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி பின்னால் போவார். இருபத்திரண்டு வருஷமாக, ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது, அவர்கள் அப்படிச் சந்தித்துப் பிரிந்துகொண்டிருந்தார்கள்.

அன்று விரல்கள் தொட்டபோது அவர் சொன்னார்:

"கை ஐஸ் மாதிரி இருக்கு. சூடா ஏதாவது குடிக்கக் கூடாதா?"

"நீங்க போட்டுக் குடுத்தா குடிக்கிறேன்."

"கொழுப்பப் பாரு. மூட்டைய வண்டியில வச்சுட்டு வந்து போடறேன்."

மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே போனார். மழை விட்டிருந்தது. காரின் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவள் அடுத்த விரிப்பின் முனைகளைத் தேடிப் பிரித்து வைத்துக்கொண்டு, கதவு மூடுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. முனைகளைக் கையில் பிடித்தபடியே, விரிப்பு தரையில் இழுபட, வாசலுக்கு வந்து பார்த்தாள். அவர் மூட்டையின் மேல் சாய்ந்து, தூங்குகிறவர் மாதிரி, பாதி காருக்குள்ளும் பாதி வெளியிலுமாகக் கிடந்தார்.

கார் வந்து பதினோராவது நாள் அது.

கார் வாங்குகிற வசதியோ ஆசையோ அவர்களுக்கு இருந்ததில்லை. சந்துக்குள் ஒற்றை அறை சலவைக்கடை. மேலே ஏணிப்படி ஏறினால் வீடு. இரண்டு மிஷின், ஒரு நீராவிப் பெட்டி, முழங்கை நீளத்துக்கு ஒரு மேஜை. துணிகளை அவர் மூன்று சக்கர மிதிவண்டியில் தார்ப்பாய் போர்த்திக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தார். கடையின் வேலையில் பாதிக்கு மேல் முதியோர் இல்லத்திலிருந்து வருவது. போன மழைக்காலத்தில் ஒருநாள் தார்ப்பாய் கிழிந்து, பன்னிரண்டு விரிப்புகள் ஈரமாகப் போய்ச் சேர்ந்தன. இல்லத்தின் மேற்பார்வைக்கார அம்மாள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"படுத்த படுக்கையா இருக்கிறவங்க. ஈரத்துல எப்படிப் போடறது, நீங்களே சொல்லுங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளப் பாத்துக்குவோம்," என்று சொல்லி, விரிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணித் திருப்பிக் கொடுத்தாள்.

அதன் பிறகுதான் கார். பழைய கார்கள் விற்கும் கடைக்கு அவர் ஒரு துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். மற்றவர்கள் என்ஜினைத் திறந்து பார்ப்பார்கள், சக்கரத்தை உதைத்துப் பார்ப்பார்கள். இவர் ஒவ்வொரு காரின் பின்பக்கத்தையும் திறந்து மூட்டையை வைத்து வைத்து எடுத்தார். நான்கு மூட்டை கொள்ளும் என்று ஒரு சாம்பல் நிற வண்டியில் முடிவானதும் உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தார்.

"பின் சீட்டுல பால் கொட்டியிருக்காங்க. துடைச்சிருக்காங்க, அலசல," என்றார்.

விற்பவன் அசந்துபோய் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டான். அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. உலகத்தையே பேரம் பேசி வாங்கிவிட்ட மாதிரி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

கடனுக்கு ஏற்பாடு செய்கிறவர் தனியாக, கண்ணாடி அறையில் இருந்தார். சட்டைக் காலரிலிருந்து செண்டு வாசனை மேஜை தாண்டி வந்தது. "இந்த ஆள் சட்டைய மூணு தண்ணியில அலசினாலும் போகாது," என்று அவர் அவள் காதில் சொன்னார். அன்றிலிருந்து அவர்களுக்கு அந்த ஆள் செண்டுக்காரர்தான்.

"மாசம் எட்டாயிரம், மூணு வருஷம். அவ்வளவுதான் சார்," என்றார் செண்டுக்காரர். "இன்சூரன்ஸும் சேர்த்துப் போட்டுருக்கேன். தப்பா நினைக்காதீங்க, சாருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா மிச்சக் கடன அவங்களே அடைச்சிடுவாங்க. மேடம் தலையில ஒரு காசு விழாது."

பிறகு ஒரு தாளை எடுத்து வைத்தார். கீழே மூன்றில் ஒரு பங்கு மட்டும் தெரிகிற மாதிரி மடித்திருந்தது.

"சார் இங்க. மேடம், நீங்க சாட்சி. இங்க."

இங்கே அந்தக் கடையின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழில் தொடங்கிய இரண்டாவது வருஷம், ஒருவரின் சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று கிடைத்தது. நனைந்துவிடக் கூடாதே என்று அவள் அதை விரித்து மேஜையில் காயவைத்தாள். படிக்கவில்லை. சட்டைக்காரர் வந்தார், விரித்துக் கிடந்த காகிதத்தைப் பார்த்தார், முகம் வெளுத்துப்போய் எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. அவர் தெருவிலிருந்தே யாரும் வரவில்லை. அன்று முதல் பையில் எது கிடைத்தாலும், மடிப்பைக் கலைக்காமல், இரண்டு துணிக்கு நடுவில் வைத்து ஈரம் ஒற்றி, உறையில் போட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். "மடிச்சத மடிச்சபடியே குடுத்துடணும்," என்பார் அவள் கணவர். அந்த நாணயத்தால்தான் கடை நின்றது. இருபது வருஷத்தில் அது மனசிலிருந்து கைக்கு இறங்கிவிட்டது. அடுத்தவர் மடித்து வைத்த தாளை விரிக்க அவர்களின் கைகளுக்கே தெரியாது.

அவர் கையெழுத்துப் போட்டார். அவளும் போட்டாள். நகத்தால் அழுத்தி எவ்வளவு நேராக மடித்திருக்கிறார் இந்தச் செண்டுக்காரர் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது அவர் வண்டியை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார்.

"கவனிச்சியா? நான் போயிட்டா உனக்குக் கார் இலவசம்."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?"

"சும்மா சொன்னேன்டி. இலவசம்னு போட்டாத்தானே நீ எதையும் வாங்கற."

அவர் போய் ஒரு மாதம் கழித்து மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அவள் கடையைத் திறந்தாள். திறக்காமல் வேறு என்ன செய்வது? பெரிய விரிப்புகளைத் தனியாக மடிக்க வராமல், மிஷின் பக்கச் சுவரில் இரண்டு கொக்கிகளை அடித்து, முனைகளை அவற்றில் மாட்டிக்கொண்டாள். இழுப்புக்குக் கொக்கி சரியாகத்தான் நின்றது. ஆனால் அது நடந்து வராது. விரிப்பு முழுவதையும் அவளே நடந்துபோய் முடிக்க வேண்டியிருந்தது. ராத்திரிக்குச் சோறு வடித்துவிட்டு, அளவு குறைக்க மறந்துபோனது தெரிந்து, பானையைப் பார்த்தபடி நிற்பாள். பேசுவதற்கு ஆளில்லாமல் வாடிக்கையாளர்களிடம் தேவைக்கு மேல் பேசினாள். அவர்கள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு, கால் மாற்றி நின்று, குடையை விரித்தார்கள்.

காரை ஓட்ட வந்தது நாத்தனார். அவருடைய ஒரே தங்கை. டவுன்பஸ் டிரைவர், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். செவ்வாயும் வெள்ளியும் தன் முறை முடிந்ததும் காக்கிச் சட்டையோடு வந்து, மூட்டைகளை ஏற்றி, இல்லத்துக்குக் கொண்டுபோய் இறக்குவாள். தனக்கு முறை மாறுகிற வரைதான் முடியும் என்றும் சொல்லியிருந்தாள்.

"பொம்மை கணக்கா இருக்கு அண்ணி இந்த வண்டி. திரும்பிப் பாத்தா பின்னாடி ஒருத்தரும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

"எழுபது பேரு இருந்தாத்தான் உனக்குத் தைரியமா?"

"எழுபது பேரும் திட்டணும். அப்பதான் ஓட்டற மாதிரி இருக்கும்."

தொலைபேசி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பெண் குரல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

"முதல் தவணை பதினோராயிரத்து நானூறு இன்னும் வரலை மேடம்."

"எட்டாயிரம்னு சொன்னாங்களே. அதுவுமில்லாம அவர் தவறிட்டாரும்மா. இன்சூரன்ஸ் இருக்கு."

கொஞ்ச நேரம் தாள் புரளும் சத்தம்.

"யார் தவறினது மேடம்? கடன் வாங்கினது நீங்கன்னுதானே இருக்கு."

நாத்தனார் அன்றே அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். அதே கண்ணாடி அறை, அதே செண்டு. அந்த வாசனை மூக்கில் ஏறியதும், பக்கத்தில் அவர் நின்று காதில் சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது. செண்டுக்காரர் எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தார். முறைப்படிதான் தெரிவித்தார்.

"அந்த இன்சூரன்ஸ்..." என்றாள் அவள்.

"இருக்கும்மா. முழுசாக் கட்டியாச்சு, கடன்லேயே சேர்த்துட்டோம். ஆனா அது கடன் வாங்கினவங்க உயிருக்குத்தான். சாருக்கு அம்பத்தேழு வயசு, வரம்பு தாண்டிடுச்சு. அவர் பேர்ல போட்டா கம்பெனியில கடன் பாஸாகாது. அதனால உங்க பேர்ல போட்டு, அவரை ஜாமீனா வச்சோம். உங்களுக்கு உதவி பண்ணணும்னுதான்."

"எங்ககிட்ட சொல்லலையே."

"அக்ரிமெண்ட்ல தெளிவா இருக்கும்மா. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அப்ப இன்சூரன்ஸ் கெடைக்காதா?"

செண்டுக்காரர் பேனாவை மேஜையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார்.

"எப்படிம்மா கெடைக்கும்? நீங்க உயிரோட இருக்கீங்களே."

நாத்தனார் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "அதுக்கு என்ன பண்ணணுங்கறீங்க? மன்னிப்புக் கேக்கணுமா?"

"நீங்க உட்காருங்க, பேசலாம்."

"பஸ்ஸுல சில்லறை ஏமாத்தறவனக்கூட நடுவழியில எறக்கி விட்டுருவோம் நாங்க. உங்கள எங்க எறக்கறது?"

செண்டுக்காரர் அதைக் காதில் வாங்காமல் வழி சொன்னார். வண்டியை ஒப்படைத்துவிடலாம், ஆனால் கட்டிய முன்பணம் போய்விடும், விற்றதில் குறைந்தால் அதுவும் அவள்தான் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் புதுத் தாளில் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தத்தில் மூன்றுக்குப் பதில் எழுதியிருந்த ஐந்து வருஷத்தை ஏழாக்கி, மாதத்துக்கு ஒன்பதாயிரமாகக் குறைத்துத் தருவார். பேசிக்கொண்டே ஒரு தாளை எடுத்து அவள் முன் நகர்த்தினார். மூன்றில் ஒரு பங்கு தெரிய மடித்திருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி போனால் இல்லத்து வேலை போகும். இல்லத்து வேலை போனால் கடை போகும். கடை போனால் மாடியில் இருக்கிற வீடும், அதில் அவர் விட்டுப்போன செருப்பும் சீப்பும் எங்கே போகும்? கையெழுத்துப் போட்டுவிட்டால் இன்றைக்கு வீட்டுக்குப் போய்விடலாம். பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். பிறகு கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தாளைப் பிடித்து விரித்தாள். யாருடைய சட்டைப் பைக்குள்ளோ கையை விட்ட மாதிரி உடம்பு கூசியது.

உள்ளே, மேல் பாதியில் எழுதவேண்டிய இடங்கள் எல்லாம் காலியாக இருந்தன.

"அதெல்லாம் அப்புறம் நாங்க நிரப்பிக்குவோம்மா. வழக்கமா அப்படித்தான்," என்றார் செண்டுக்காரர்.

"அன்னிக்கும் அப்படித்தானா?"

"சே, அன்னிக்கு எல்லாம் எழுதித்தான் இருந்தது."

அவள் கையெழுத்துப் போடவில்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகுதான் அழுதாள். நாத்தனார் வண்டியை எடுக்காமல், மழைத் துடைப்பானை மட்டும் ஓடவிட்டு, பேசாமல் இருந்தாள். அவளுக்குப் பேசாமல் இருக்கவும் தெரியும் என்பது அன்றுதான் தெரிந்தது.

இந்த மாதிரி வழக்குகளைக் கேட்க ஓர் அலுவலகம் இருந்தது. புகாரை எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள். அவள் நான்கு தடவை எழுதினாள். நாத்தனார் படித்துப் பார்த்தாள்.

"கதை கணக்கா எழுதியிருக்கீங்க அண்ணி. முதல் பக்கம் முழுக்க மழையா இருக்கு. ஆபீஸர் குடை எடுத்துட்டு வந்தாத்தான் படிக்க முடியும்."

"மழை பெஞ்சதாலதானே கார் வாங்கினோம்."

"சரி, ரெண்டு சொட்டு இருக்கட்டும். மிச்சத்த அடிங்க."

விசாரணை வைத்த அதிகாரி ஜலதோஷம் பிடித்த ஓர் அம்மாள்; மேஜையில் ஒரு கைக்குட்டைக் குவியலே இருந்தது. செண்டுக்காரர் கம்பெனி வக்கீலோடு வந்து, மூல ஒப்பந்தத்தை வைத்தார்.

"கையெழுத்து உங்களோடதுதானே?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க. ரெண்டும் எங்களோடதுதான். ஆனா மேல எழுதினது ஒண்ணும் அப்ப இல்ல. தாள் மடிச்சிருந்தது."

"இல்லை மேடம்," என்றார் செண்டுக்காரர். "எல்லாம் நிரப்பி, விரிச்ச தாள்லதான் ரெண்டு பேரும் போட்டாங்க. அவங்க போன பிறகு, ஃபைல்ல வைக்கிறதுக்காகத்தான் நான் மடிச்சேன்."

"அப்படின்னு எழுதிக்கலாமா?"

"தாராளமா."

அவள் தாளைப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தாள். மாதத் தவணை எழுதியிருந்த வரி மடிப்பின் மேலேயே விழுந்திருந்தது. மையின் கோடு மற்ற இடங்களில் சுத்தமாக ஓடியது. மடிப்பைத் தொட்ட இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் வேர் விட்ட மாதிரிப் பரவியிருந்தது. அந்த வேர்களை அவளுக்குத் தெரியும். பேனா ஒழுகிய சட்டைகளில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள்.

"இத மடிச்ச அப்புறம்தான் எழுதியிருக்காங்க," என்றாள்.

"எப்படிச் சொல்றீங்க?"

"மடிக்கிற இடத்துல நூல் உடைஞ்சு போயிடுங்க. உடைஞ்ச எடத்துல மை ஊறும். மொதல்ல எழுதிட்டு அப்புறம் மடிச்சா ஊறாது, வெடிக்கும். தாளும் துணி மாதிரிதாங்க."

வக்கீல் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டு வெள்ளைத் தாளும் ஒரு மைப்பேனாவும் கொடுத்தார். அவள் ஒன்றில் கோடு போட்டு, காயவிட்டு, நகத்தால் அழுத்தி மடித்தாள். இன்னொன்றை மடித்துவிட்டு, விரித்து, அதன் மேல் கோடு போட்டாள். அதிகாரி பூதக்கண்ணாடியை வரவழைத்தார். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். இடையிடையே மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"இதை எங்கே கத்துக்கிட்டீங்கம்மா?"

"சலவைக்கடைங்க."

அதிகாரி செண்டுக்காரரைப் பார்த்தார். "அவங்க போன பிறகுதான் மடிச்சீங்க. மடிச்ச பிறகுதான் எழுதியிருக்கு. அப்ப அவங்க கையெழுத்துப் போடும்போது இதுல என்ன இருந்தது?"

செண்டுக்காரர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் பையைப் பார்த்தார்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. குமாஸ்தாவின் கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. கடன் வாயால் சொன்னபடிக்குத் திரும்பியது: மாதம் எட்டாயிரம், மூன்று வருஷம். வண்டி அவளிடமே இருக்கலாம். செண்டுக்காரரை வேறு கிளைக்கு மாற்றினார்கள்; அங்கேயும் மேஜையும் தாளும் இருக்கும்.

"அந்த இன்சூரன்ஸ அவர் பேருக்கு மாத்த முடியாதாங்க?" என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே தெரிந்துதான் கேட்டாள்.

"இல்லாதவர் பேர்ல எப்படிம்மா..." என்று தொடங்கிய அதிகாரி, முடிக்காமல் ஒரு கைக்குட்டையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு சொன்னார், "அது தனிக் கம்பெனி. பணம் மொத்தமாக் கட்டியாச்சு, திருப்பித் தர மாட்டாங்க. கடன் முடியற வரைக்கும் அது உங்க உயிருக்கு இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்."

வெளியே நாத்தனார் கைதட்டாத குறையாகக் குதித்தாள்.

"ஜெயிச்சுட்டோம் அண்ணி! அந்த ஆளோட மூஞ்சியப் பாத்தீங்களா? எங்க அண்ணன் இருந்திருந்தா..."

அதோடு அவளும் நிறுத்திக்கொண்டாள். இருவரும் நடந்தார்கள். வழியில் ஒரு கடையில் ரொட்டியும் முட்டையும் வாங்கிக் கொடுத்தாள் நாத்தனார். நன்றாகச் சாப்பிட்டாள் அவள். பசித்திருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

வேலை முன்போலவே நடந்தது. நாத்தனாருக்கு முறை மாறியது. அதற்குள் அவளையே ஓட்டப் பழக்கிவிட்டாள். "பிரேக் அங்க இருக்கு அண்ணி. கும்பிடாதீங்க, மிதிங்க," என்று திட்டித் திட்டியே பழக்கினாள். செவ்வாயும் வெள்ளியும் அவளே மூட்டைகளோடு இல்லத்துக்குப் போனாள். எட்டாயிரத்தை ஐந்தாம் தேதிக்குள் கட்டினாள். சில மாதங்களில் அதற்காக ராத்திரிச் சாப்பாட்டை ரொட்டியோடு நிறுத்திக்கொண்டாள். வெற்றி என்று நாத்தனார் சொன்னது, மாலையில் கடையை இழுத்துப் பூட்டியதும், எங்கே வைப்பது என்று தெரியாத ஒரு பொருள் மாதிரி அவளோடு மாடி ஏறி வந்தது. அதைச் சொல்லிக் காட்டவேண்டிய ஒரே ஆள் அங்கே இல்லை.

வருஷம் திரும்பியதும் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே ஒரு தாள், மூன்றாக மடித்து. அவள் மேஜையில் வைத்து விரித்துப் படித்தாள். காப்பீடு செய்யப்பட்டவர் என்று அவள் பெயர். அவளுக்கு ஏதாவது நேர்ந்தால் பணம் பெறுபவர் என்ற இடத்தில் அவர் பெயர், உறவு கணவர். மாற்ற வேண்டுமானால் பின்பக்கத்தில் உள்ள படிவத்தை நிரப்பி அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். யார் பெயரை எழுதலாம் என்று யோசித்தாள். நாத்தனாரின் பெயரை எழுதலாம். பேனாவைத் தேடினாள், கிடைத்தது, மூடியைத் திறக்கவில்லை. மிஷின் சுற்றி முடிந்து நின்றதால் எழுந்து போனாள்.

அடுத்த வருஷமும் தாள் வந்தது. அவள் வயதை ஐம்பத்தாறு என்று மாற்றி அச்சடித்திருந்தார்கள். கீழே, பணம் பெறுபவர்: கணவர், வயது ஐம்பத்தொன்பது.